உடையவர் ஊரில் இல்லாத மாதம்

ஒரு பண்ணையின் யோக்கியதையை அறிய விரும்புவோர் அதன் நெற்குதிரையும் மாட்டுக் கொட்டிலையும் பார்த்து முடிவு கட்டுவது வழக்கம். நமது அபிப்பிராயத்தில் இதனினும் மேலான சோதனை ஒன்றுண்டு. சம்பாப் பயிர் தூர் கட்டும் சமயத்தில் உடையவர் ஒரு மாதகாலம் ஊரில் இல்லாமற்போனால் அங்கே வேலைகள் எவ்வாறு நடைபெறும் என்று விசாரிப்பதே அச்சோதனையாகும்.

அநேக இடங்களில் விடை திருப்திகரமாயிராது. எந்த மடையை எப்பொழுது திறப்பது, மேலுரம் என்று இடுவது, எந்த வியாபாரியிடம் எவ்வளவு பாக்கி, மோட்டார் பழுதுற்றால் யாரை அழைப்பது ஆகிய யாவும் உடையவர் ஒருவரின் மனத்திலேயே தங்கியிருக்கின்றன. அவர் காய்ச்சலாய்ப் படுத்தால் பண்ணையும் படுத்துவிடுகிறது. மேலுரம் பிந்துகிறது. கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துவோருக்கு வட்டியில்லை என்னும் சலுகை கை நழுவுகிறது. அடங்கற் சான்று பெறாமலே பயிர்க் காப்பீட்டின் கெடுநாளும் கடந்துவிடுகிறது. சம்பா நெல்லுக்கு விவசாயி செலுத்தவேண்டிய பங்கு, காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 1½ மாத்திரமே. இச்சிறு தொகையைக் கட்டத் தவறியவர், வெள்ளம் வந்தால் நஷ்டம் முழுவதையும் தாமே சுமக்க நேரிடும்.

“உடையவன் இல்லாதது ஒரு முழம் கட்டை” என்று சிலர் பழமொழி கூறுவர். பழமொழி பொய்யன்று. ஆனால் உடையவர் மேற்பார்வை செய்யவேண்டும் என்பது அதன் கருத்தேயன்றி, அவர் அறிந்ததை வேறொருவரும் அறியலாகாது என்பதன்று.

உடையவரின் கண்ணுக்கு மாத்திரம் தெரிந்தவற்றைப் பிறர் கண்ணுக்கும் தெரியச் செய்வதே முதற்காரியம். இதற்கு வேண்டிய எளிய சாதனங்கள் இக்காலத்தில் உண்டு. பக்கங்களில் துளையிட்ட குழாயொன்றை வயலிற் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், நீர்மட்டம் அதனுள்ளே தெரியும். அது தரைக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சினாற் போதும். பூக்கும் சமயத்தில் மாத்திரம் வயலில் நீர் நிற்கவேண்டும். அவ்வாறே இலை வண்ண அட்டையை நட்ட 14ஆம் நாள் முதல் 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை இலையோடு ஒப்பிட்டு, நிறம் 4ஆம் எண்ணுக்குக் குறைந்தால் தழைச்சத்து இடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் எண் அளவு. நாற்பது வருஷ அனுபவமுள்ளவர் நோக்கி அறிவதை நேற்று வந்த ஆளும் இவற்றால் பெரும்பாலும் அறிந்துகொள்ளக் கூடும்.

இரண்டாவது, ஒரு குறிப்புப் புத்தகம். சர்வே நம்பர் வாரியாக விதைத்த ரகம், நட்ட நாள், இட்ட உரம், கொடுத்த கூலி, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, கடன் தவணை ஆகியவற்றை மாலைதோறும் எழுதிவரவேண்டும். அப்புத்தகம் இருக்குமிடமும் அதைப் படிக்கும் முறையும் மனைவிக்கும் வயது வந்த மக்களுக்கும் தெரிந்திருப்பது அவசியம். வயலில் பாதி வேலையைக் கவனிக்கும் பெண்களுக்குக் கடன் கணக்கு மாத்திரம் தெரியாதிருப்பது நியாயமன்று.

எழுத்தின் பலம் கிராம உத்தியோகஸ்தர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1980ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கர்ணம், மணியம் முதலிய பதவிகள் எடுக்கப்பட்டன. ஊர் நிலவரத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் அகன்றார்கள். சிட்டாவும் அடங்கலும் அகலவில்லை. புதிதாய் வந்தோர் அவற்றைக் கொண்டே வேலையைத் தொடர முடிந்தது. அரசாங்கம் ஊருக்குச் செய்ததைக் குடியானவர் தம் வீட்டுக்குச் செய்துகொள்ளலாகாதா?

மூன்றாவது, அதிகாரம். மடை உடைந்தாலும் உடையவரைத் தேடி ஓடவேண்டிய காரியஸ்தர் இருந்தும் இல்லாதவரே. குறித்த ஒரு தொகை வரையில் கேளாமலே செலவிட்டு அன்றே கணக்கெழுத அவருக்கு உத்தரவு கொடுத்துவிடவேண்டும். ஏமாற்றிவிடுவார் என்று அஞ்சுவோர் உளர். ஆனால் எழுதாத கணக்கிலேதான் ஏமாற்றம் எளிதிற் புகும். வாரமொருமுறை குறிப்புப் புத்தகத்தைச் சரிபார்ப்பவரை ஏமாற்றுவது கடினம்.

நிலச் சொந்தக்காரர்கள் வரும் பட்டத்தில் ஒரு பத்து நாள் வயலுக்குப் போகாதிருந்து பார்ப்பார்களாக. எந்த வேலை நின்றுபோகிறதோ, அதுவே அவர்கள் இன்னும் எழுதாமலோ கற்பிக்காமலோ விட்ட விஷயம். தேகசுகம் உள்ளபோதே அதைத் திருத்திக்கொள்வது எளிது. படுத்தபின் திருத்துவது பிறர் கையில்.