பேட்டரி மாற்றினால் பூட்டிக்கொள்ளும் கார்

ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த டொயோட்டா கார்கள் சிலவற்றில், பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே நேவிகேஷன் திரை பூட்டிக்கொள்ளும். திரையில் ஓர் எண் தோன்றும். அதற்கு ஈடான குறியீட்டைத் தட்டினால்தான் மறுபடி வேலை செய்யும். திறந்த பிறகும் எழுத்தெல்லாம் ஜப்பானியம். அந்நாட்டு ரேடியோ 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90, மிஞ்சினால் 95 வரைதான் பிடிக்கும். அதற்கு மேல் ஒலிக்கும் நம்மூர் நிலையம் எதுவும் கேட்காது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங் போல செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூரில் கார் வைத்திருப்பவர் இதற்காகக் குளுவாங்குக்கோ ஜொகூர் பாருவுக்கோ அலைய வேண்டுமா? பக்கத்துப் பட்டறைக்காரரே லேப்டாப்பைச் சொருகி முடித்துக்கொடுக்கலாம். அதற்கான கருவியையும் தகவலையும் அவருக்குச் சட்டப்படி கிடைக்கச் செய்ய வேண்டும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் இணைத்து, காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் உள்ள மதிப்புகளை மாற்றுவதைத்தான் ‘கோடிங்’ என்கிறார்கள். கார் நகர்ந்ததும் கதவு தானாகப் பூட்டுவது, பூட்டினால் பக்கக் கண்ணாடி மடங்குவது என்று பல வசதிகளுக்கு உதிரிபாகம் ஏற்கெனவே காரிலேயே இருக்கிறது. காசும் கட்டியாகிவிட்டது. பிஎம்டபிள்யூ 2022இல் சில நாடுகளில் இருக்கைச் சூட்டுக்கே மாதக் கட்டணம் கேட்டுப்பார்த்தது; எதிர்ப்பு கிளம்பியதும் மறு ஆண்டே கைவிட்டது. (ஜொகூர் வெயிலில் அந்த வசதி யாருக்கும் வேண்டாம் என்பது வேறு விஷயம்.) 2017இல் இர்மா புயலின்போது ஃபுளோரிடாவில் சில டெஸ்லா கார்களின் பேட்டரித் திறனை நிறுவனம் தொலைவிலிருந்தே தற்காலிகமாகக் கூட்டியது. அதுவரை அந்தத் திறனைப் பூட்டிவைத்திருந்தது தொழில்நுட்பக் குறையல்ல, வியாபாரக் கணக்கு.

கண்டவர் கையில் கருவி போனால் ஆபத்து என்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஏர்பேக் எச்சரிக்கையை அணைப்பதும் மீட்டரைக் குறைத்து பழைய காரை விற்பதும் இதே சாக்கெட் வழியாக நடக்கக்கூடியவை. ஆனால் பூட்டு மட்டுமே பாதுகாப்பாகிவிடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, உரிமையாளர்கள் கார் மென்பொருளில் கைவைக்க அனுமதிக்கக்கூடாது என்று 2015 ஜூலையில் வாதிட்டது. புகை அளவில் மோசடி நடக்கும் என்பது அதன் கவலை. செப்டம்பரில் அதே முகமைதான், மென்பொருளை வைத்துப் புகை அளவில் ஃபோக்ஸ்வேகன் செய்த மோசடியை அறிவித்தது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் அந்த ஏமாற்று மென்பொருளை வைத்தது பட்டறைக்காரர் அல்ல, தயாரிப்பாளர். அடுத்த மாதமே பழுதுபார்ப்புக்கும் சட்டத்துக்கு உட்பட்ட மாற்றத்துக்கும் கார் மென்பொருளில் கைவைக்க அங்கே பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அறிவிக்கப்பட்டது.

ஆகவே ஏர்பேக், பிரேக், புகை, மீட்டர் நான்கிலும் கைவைத்தால் கடும் தண்டனை இருக்கட்டும். மொழி, விளக்கு, கதவு, ரேடியோவெல்லாம் உரிமையாளர் விருப்பம். வாரண்டி போய்விடும் என்ற மிரட்டலும் அளவோடு இருக்க வேண்டும்: கண்ணாடி மடங்குவதை மாற்றியவருக்கு கியர்பாக்ஸ் வாரண்டியை மறுப்பது எந்த ஊர் நியாயம்? பட்டறைக்காரர் பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் அச்சிட்டுக் கொடுப்பதைக் கட்டாயமாக்கலாம். பெயர் மாற்றத்துக்கு முந்தைய பரிசோதனையில் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஒப்பிடும்போது, அந்தத் தாளையும் காரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.