அறைக்குள் ஒரு கிதார்



சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில், கோவளத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துச் சென்றார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன், மாமல்லபுரத்தில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவரிடம் பழைய கிதார் ஒன்றை விலைக்கு வாங்கியிருக்கிறான். இஷாவுக்குப் பின் கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் ஏதோ பதிவு செய்கிறானாம். "ஒரே மெட்டு, திரும்பத் திரும்ப. அதை உடைத்துப் போட்டுவிடட்டுமா, பாய்?" என்றார்.

உடைக்க வேண்டாம் என்றேன். ஆனால் அவன் என்ன செய்கிறான் என்பதை அறியாமல் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டேனே என்று பிறகு மனம் உறுத்தியது. மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்றேன்.

பிள்ளை தயங்காமல் காட்டினான். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள், காதில் ஹெட்போன், நிமிடத்துக்கு 80 தட்டு வீதம் கணினி தாளம் காட்டுகிறது. நான்கு நான்கு தட்டுகளாக எட்டுச் சுற்று, ஆக 32 தட்டு, சரியாக 24 விநாடி. அதை இருமுறை இடைவிடாமல் வாசித்து, இரண்டாம் முறையை மட்டும் வெட்டி எடுக்கிறான். ஏனென்று கேட்டேன். கடைசித் தந்தியின் ரீங்காரம் அடுத்த சுற்றின் தொடக்கத்திலும் கேட்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட இடம் 'டக்'கென்று காட்டிக்கொடுத்துவிடும். அந்த 24 விநாடி முடிவின்றிச் சுழல, அதன்மேல் அவன் தனி இசை வாசிக்கிறான். ஒருவனே ஒரு குழுவாகிவிடுகிறான். பொறுமையும் கணக்கும் வேண்டிய வேலை; அதை இழிவாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். எனினும் நாம் அறிந்ததை மறைக்கவும் கூடாது. நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மை அறிஞர்கள் தந்திக் கருவிகளைத் தடுத்தே உள்ளனர். புகாரியில் உள்ள 'மஆஸிஃப்' பற்றிய ஹதீஸ் அவர்களின் முதன்மை ஆதாரம். இப்னு ஹஸ்ம் (ரஹ்) அந்த ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரை ஏற்காமல் அனுமதித்தார். நம் காலத்தில் யூசுஃப் அல்கர்ளாவி நிபந்தனைகளுடன் அனுமதித்தார். பெருநாளன்று ஆயிஷா (ரலி) வீட்டில் சிறுமியர் தஃப் கொட்டிப் பாடியதையும், அபூபக்ர் (ரலி) அதட்டியபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்ததையும் அனைவரும் அறிவோம். கோவளம் தமீமுல் அன்சாரி தர்கா இருக்கும் ஊர். தாயிரா கொட்டிப் பாடும் ஃபக்கீர்கள் நம் பெரியோருக்குப் புதியவர்கள் அல்லர். ஆனால் தஃபுக்குள்ள அனுமதி தந்திக்கும் தானே வந்துவிடாது. 'கிதாரின் மூதாதை நம்முடைய ஊத்' என்று சில இளைஞர் வாதிடுவதும் பலவீனமான வாதமே. முஸ்லிம்கள் வாசித்தார்கள் என்பதால் ஒன்று ஹலாலாகிவிடாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் சொல்லும் காரணம்தான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. இன்பம் தருவதால் தந்திக் கருவிகள் தடுக்கப்படவில்லை. அப்படியானால் குயிலின் குரலும் தடுக்கப்பட்டிருக்கும். அவை மதுவருந்துவோர் சபையின் அடையாளமாக இருந்ததே காரணம் என்கிறார்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பிள்ளை தலைகுனிந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதி, சனிக்கிழமை இரவுகளில் வாசிக்க அழைத்திருக்கிறது. குழு வைத்தால் அவர்களுக்குச் செலவு அதிகம்; இவன் சுழல் இசையோடு தனியே அமர்ந்தால் போதும். அங்கே மது பரிமாறப்படும்.

அத்தாவுக்கு அது தெரியாது. அவர் கருவியைப் பார்த்துக் கோபித்துக்கொண்டிருந்தார். அது எந்தச் சபைக்குப் போகவிருக்கிறது என்று கேட்கவேயில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

யூசுஃப் இஸ்லாம், 1977இல் இஸ்லாத்தை ஏற்றபின் புகழின் உச்சியிலிருந்து விலகித் தம் கிதார்களை விற்றுவிட்டார். பல ஆண்டுகள் குரலும் பறையுமாகவே பதிவுகள் செய்தார். பின்னர் அவருடைய மகன் ஒரு கிதாரை வீட்டுக்குக் கொண்டுவர, தந்தை அதை மீண்டும் கையிலெடுத்தார். 2006இல் புதிய இசைத்தொகுப்பு வந்தது. அவர் திரும்பியதை ஏற்காத முஸ்லிம்களும் உண்டு. என் மனமும் பெரும்பான்மைக் கருத்தின் பக்கமே சாய்கிறது. ஆயினும் அந்த வீட்டில் யாரும் எதையும் உடைக்கவில்லை என்பதை நான் கவனிக்கிறேன். ஏ.ஆர். ரஹ்மானும் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்ந்தே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். பிள்ளையின் வேலை வீட்டுக்குள் நடக்கும்போது, பெற்றோர் கதவைத் தட்டிக் கேட்கலாம். உடைத்துவிட்டால் அடுத்த கிதார் நண்பனின் அறையில் இருக்கும். பிறகு சனிக்கிழமை இரவைப் பற்றி யாரும் நம்மிடம் சொல்லமாட்டார்கள்.

தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிவு செய்து, தஃப் மட்டும் சேர்த்து ஒரு நஷீத் செய்து பார்க்கச் சொன்னேன். "குரல் எனக்குச் சரியாக வராது, மாமா" என்று சிரித்தான். முயன்று பார்ப்பதாகவும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவன் விடுதிக்குப் போகவில்லை. அடுத்ததைப் பற்றி அத்தாவும் மகனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கிதார் அறையிலேயே இருக்கிறது.