நம்ம ஊர்க் கப்பல் எங்கே?

போன டிசம்பர் லீவுல குடும்பத்தோட விசாகப்பட்டினம் போயிருந்தோம். அக்கா அங்கதான் வேலை பாக்கிறா. "பீச்சுல ஒரு சப்மரைன் நிக்குது, அதைப் பாக்காம ஊருக்குப் போகக்கூடாது"ன்னு எல்லாரையும் ஆட்டோவுல ஏத்திட்டா. அம்மா, அப்பா, ஆச்சி, சித்தி, ஆறாம் வகுப்பு படிக்கிற சித்தி பையன்னு பெரிய கூட்டம்.

ராமகிருஷ்ணா பீச்ல, கடலைப் பாத்தபடி நிக்குது ஐ.என்.எஸ். குர்சுரா. 91 மீட்டர் நீளம். சோவியத் யூனியன்ல கட்டினது. 1969-ல நம்ம கடற்படையில சேர்ந்து, 2001-ல ஓய்வு பெற்றது. 2002-ல இருந்து மியூசியம். உள்ள போனா ஒரு அறையில இருந்து அடுத்த அறைக்கு வட்டமான ஓட்டை வழியா குனிஞ்சுதான் போகணும். எழுபதுக்கும் மேற்பட்ட ஆளுங்க வாரக்கணக்கா அதுக்குள்ள வாழ்ந்திருக்காங்க. டார்பிடோ குழாய்க்குப் பக்கத்துலயே படுக்கை. நாலு வருஷமா மெக்கானிக்கல் படிக்கிறேன். டீசல் இன்ஜின், பேட்டரி, வால்வு எல்லாம் பரீட்சைக்குப் படம் வரைஞ்சிருக்கேன். ஒரு உயிர் அந்த வால்வை நம்பி தண்ணிக்கு அடியில இருக்கும்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

ஆச்சிக்கு முட்டுவலி. "நீங்க போயிட்டு வாங்கல, நான் இங்கன உக்காந்திருக்கேன்"ன்னு வெளியவே இருந்துட்டாங்க.

வெளிய வந்ததும் சித்தி பையன் கேட்டான்: "அண்ணே, தூத்துக்குடியில வ.உ.சி கப்பலை எங்க போய் பாக்கணும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. ஏன்னா பாக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை.

யோசிச்சுப் பாருங்க. எங்க ஆழ்வார்திருநகரியில இருந்து தூத்துக்குடி பஸ்ல போற தூரம்தான். அங்க துறைமுகத்துக்கே வ.உ.சி பேரு. கப்பலோட்டிய தமிழன்னு சின்ன வயசுல இருந்து பேச்சுப்போட்டியில முழங்கியிருக்கோம். 1906-ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செஞ்சார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய். காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வாங்கி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல ஓட்டினார். 1908 மார்ச்ல கைது. அவர் ஜெயில்ல இருக்கும்போதே, 1911-ல கம்பெனி மூடப்பட்டுச்சு. கப்பல் கைவிட்டுப் போச்சு. அவரைச் சிறையில இழுக்க வச்ச செக்கைப் பாதுகாத்து வச்சிருக்கோம். அவர் ஓட்டின கப்பல்ல ஒரு பலகைகூட நம்மகிட்ட இல்லை. அவரோட தண்டனை நினைவுச்சின்னமா நிக்குது, அவரோட வேலை நிக்கலை.

சரி, காலியாவைத் திரும்பக் கொண்டுவர முடியாது. "அதே மாதிரி ஒண்ணு செஞ்சு வச்சா என்ன?"ன்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான். சிமெண்ட்ல கப்பல் பொம்மை கட்டி, முன்னாடி செல்ஃபி பாயிண்ட் போடுறதா? எனக்கு அதுல உடன்பாடு இல்லை. நிஜமான ஒண்ணு இன்னும் நம்ம கண் முன்னாடி இருக்கு. அதைத்தான் காப்பாத்தணும்னு சொல்றேன்.

தூத்துக்குடித் தோணியைத்தான் சொல்றேன்.

தோணின்னா மீன்பிடி வள்ளம்னு நினைச்சுடாதீங்க. நூத்துக்கணக்கான டன் சரக்கு ஏத்துற மரக்கப்பல். பாய் விரிச்சு, காத்தை நம்பி கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தது. உலகத்துல பெரும்பாலான இடங்கள்ல பாய்மரச் சரக்குக் கப்பல் மறைஞ்ச பிறகும் இங்க ஓடிச்சு. அப்புறம் இன்ஜின் வச்சாங்க. இப்பவும் பழைய துறைமுகத்துல இருந்து காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏத்திக்கிட்டு மாலத்தீவு போகுது. ஓட்டுற தலைவருக்குத் தண்டல்னு பேரு. கட்டுறவங்க ஓடாவி. அவங்க கணக்கெல்லாம் பெரும்பாலும் காகிதத்துல இல்லை, கையிலயும் கண்ணுலயும் இருக்கு. ஜோ டி குருஸ் எழுதி சாகித்ய அகாடமி விருது வாங்கின 'கொற்கை' நாவல் இந்தத் தோணி உலகத்தைப் பத்தினதுதான். நாவல்ல ஏறி உக்கார முடியாதே!

"இதுக்கெல்லாம் காசு யாரு குடுப்பா?" நியாயமான கேள்விதான், பதில் சொல்லணும். கப்பலை நிறுத்தி வைக்கிறது ஓட்டுறதைவிடக் கஷ்டம். ஐ.என்.எஸ். விக்ராந்த் 1997-ல ஓய்வு பெற்று மும்பையில மியூசியமா மிதந்துச்சு. உப்புத் தண்ணியில இரும்பு சும்மா இருக்குமா? 2012-ல பாதுகாப்பு இல்லைன்னு மூடினாங்க, 2014-ல உடைச்சாங்க. அதோட இரும்புல கொஞ்சம் பஜாஜ் பைக்காச்சு. நம்ம மாநிலத்துலயும் வாக்லிங்கிற சப்மரைனை மாமல்லபுரத்துல வைக்கத் திட்டம் போட்டாங்க, அது நடக்கவே இல்லை. கரையேத்தி வச்ச குர்சுரா மட்டும் பிழைச்சுக்கிச்சு.

மரத்துக்கு வேற பிரச்சனை. கடல்ல விட்டா புழு துளைக்கும். வெயில்ல வச்சா பலகை காஞ்சு இணைப்பு விட்டுப்போகும். அப்போ கூரை போட்ட கொட்டகையில வச்சு, வருஷா வருஷம் பழுது பாத்துக்கிட்டே இருக்கணும்.

இது நமக்குத் தெரியாத வித்தையா? கோயில் தேரைப் பாருங்க. அதுவும் மரம்தான், அதுவும் பெருசுதான். வருஷம் முழுக்கக் கொட்டகையில நிக்குது. திருவிழாவுக்கு முன்னாடி ஆசாரி வந்து தட்டிப் பாக்கிறார், உளுத்த கட்டையை மாத்துறார். கட்டை மாறினாலும் தேர் அதே தேர். வேலையும் அடுத்த தலைமுறைக்குப் போயிடுது. எங்க ஊர்ல நம்மாழ்வார் இருந்த புளியமரத்தைச் சுத்திச் சுவர் எழுப்பி எத்தனையோ தலைமுறையா காத்துட்டு வர்றோம். பக்கத்துல ஆதிச்சநல்லூர்ல 2023-ல அகழாய்வுக் குழி மேலயே கண்ணாடி போட்டு, தோண்டின இடத்துலயே தாழிகளைப் பாக்க வச்சுட்டாங்க. காப்பாத்தணும்னு தோணினா நமக்குச் செய்யத் தெரியும்.

அதனால ஓய்வு பெறப்போற ஒரு தோணியை, விறகாகிறதுக்கு முன்னாடி கரையேத்தணும். ஓடாவிகளுக்கு அங்கயே சம்பளத்தோட வேலை குடுக்கணும். அவங்க பலகை மாத்துறதைப் பாக்கிறதே டிக்கெட்டுக்கு மதிப்பு. பக்கத்துல சாய்தளம் ஒண்ணு போடுங்க, ஆச்சிகளும் மேல ஏறிப் பாக்கட்டும். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட போக தூத்துக்குடியில கடற்கரையைத் தவிர ஒரு இடம் கிடைக்கும்.

அதுவரைக்கும் நாம சும்மா இருக்க வேண்டாம். இந்த வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு நெட்ல இருந்து எதையோ இறக்கிக் கலர் மாத்தப்போறோம். அதுக்குப் பதிலா ஒரு தோணியை முழுசா அளந்து, போன்லயே படம் எடுத்து த்ரீ-டி மாடல் செஞ்சு, ஒரு ஓடாவிகிட்ட உக்காந்து ஒவ்வொரு கட்டைக்கும் என்ன பேருன்னு கேட்டு எழுதலாமே. தோணி போனாலும் அளவு மிஞ்சும். அளவு இருந்தா இன்னொண்ணு கட்டலாம்.

நான் கைடுகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டார். பழைய துறைமுகத்துக்குள்ள போக அனுமதி கேட்டு லெட்டர் எழுதணும். தனியா எழுதுறதைவிட நாலு பேரு கையெழுத்து இருந்தா மதிப்பு. யாரு வர்றீங்க?