உசிலை தெரியுமா?



எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அரப்பு தேடும் வீடுகள் கொங்கு நாட்டில் இன்னும் உண்டு. ஆனால் அந்தப் பச்சைப் பொடி எந்த மரத்து இலை என்று கேட்டால், இளையவர்கள் பலர் விழிக்கிறார்கள்.

அது உசில மரம். மதுரைப் பக்கம் உசிலை. உசிலம்பட்டி என்ற ஊர்ப் பெயரிலேயே இந்த மரம் இருக்கிறது. சில ஊர்களில் துரிஞ்சில். கொங்கில் ஊஞ்ச மரம். அரப்பு மரம் என்றாலும் புரிந்துகொள்வார்கள். வாகைக்கு நெருங்கிய சொந்தம். மானாவாரிக் காடு, கரடு, பாறைச் சரிவு என்று தண்ணீர் அரிதான இடத்தில்தான் இதைத் தேட வேண்டும்.

ஓர் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். புளிய இலையைவிட நுணுக்கமான சிற்றிலைகள், ஒரே காம்பில் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கும். நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்தால் அரப்பு. வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் ஷாம்பு போல நுரைத்துக் கொட்டாது. ஆனாலும் நல்லெண்ணெய்ப் பிசுக்கு அத்தனையும் போய்விடும். இலையில் உள்ள சபோனின் செய்யும் வேலை அது. கண்ணில் பட்டால் மட்டும் எரிச்சல் தாங்காது!

இலை அழகுக்கு ஏமாந்துவிடக் கூடாது. மரம் வைரம் பாய்ந்தது. கலப்பைக்கும் வண்டிச் சாமான்களுக்கும் ஆசாரிகள் விரும்பி எடுத்தார்கள். அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். தழையை நெல் வயலில் மிதித்துவிட்டால் நல்ல உரம். இயற்கை விவசாயிகள் இலையை அரைத்து மோரில் புளிக்கவைத்து, அரப்பு மோர் கரைசலாகப் பயிருக்குத் தெளிக்கிறார்கள். பூ நன்றாகப் பிடிக்கிறது என்கிறார்கள்.

இத்தனை இருந்தும், சாலையோரம் கன்று நடும்போது குல்மோகருக்கும் தூங்குமூஞ்சிக்கும் கிடைக்கிற இடம் உசிலைக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை. அவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. இது நம் மண்ணின் வறட்சிக்கென்றே வளர்ந்த மரம்.

சித்திரை, வைகாசியில் வெளிர்மஞ்சள் பஞ்சுருண்டைகளாகப் பூத்திருக்கும். அடையாளம் காண அதுவே நல்ல சமயம். உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர், எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். வருகிற பெயர்களை ஊர்வாரியாக வெளியிட ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்