லைசென்ஸ் யாருக்குக் காவல்?

லேவாதேவிக் கடைகளைச் சர்க்கார் கட்டுப்படுத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மவரிடையே இரண்டு குரல்கள் ஓங்குகின்றன. வட்டியைக் குறை என்பது ஒன்று. கடையையே மூடு என்பது மற்றொன்று. இவற்றை எழுப்புவோர் நல்லெண்ணமுடையவர்களே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இரண்டும் நோய் இருக்குமிடத்தைத் தொடவில்லை என்பதே நம் வாதம்.

வட்டியை முதலில் எடுத்துக் கொள்வோம். மலேசியாவின் 1951-ஆம் ஆண்டு லேவாதேவிச் சட்டப்படி ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடும், ஈடு வைத்த கடனுக்கு 12 விழுக்காடுமே உச்ச வரம்பு. வட்டிக்கு வட்டி கூடாது. சிங்கப்பூரிலோ 2015 அக்டோபர் முதலாக மாதத்திற்கு 4 விழுக்காடு வரை வாங்கலாம். ஆண்டுக் கணக்கில் 48. இங்கிலாந்தின் 1927-ஆம் ஆண்டுச் சட்டம் எந்த அளவைத் தாண்டினால் அதை அநியாய வட்டியெனக் கருதச் சொல்லிற்றோ, அதே 48! இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் யாரும், மலேசிய ஏழையே நல்ல காவலுக்குள் இருக்கிறான் என்று சொல்லுவர். காகிதத்தில் அது உண்மைதான்.

நடப்பது யாது? ஒரு தொழிலாளிக்கு அவசரமாக 5,000 வெள்ளி வேண்டும். தாயின் வைத்தியமோ, மகளின் கல்லூரிக் கட்டணமோ, எதுவாயினும் சரி, நாளைக் காலைக்குள் வேண்டும். கடைக்காரர் அன்போடு உட்கார வைக்கிறார். பத்திரத்தில் 10,000 என்று எழுதுகிறார். "இது சும்மா ஒரு ஒழுங்குக்காக" என்கிறார். கையில் 5,000 வருகிறது. ஓராண்டு கழிந்து கணக்குப் பார்த்தால் பத்திரப்படி முதல் 10,000, வட்டி 1,800, ஆக 11,800 வெள்ளி. கையில் வாங்கியதற்கு மேல் 6,800 கட்டியிருக்கிறான். இது 136 விழுக்காடு வட்டி! சுவரில் லைசென்ஸ் தொங்குகிறது. பத்திரத்தில் 18 விழுக்காடுதான் இருக்கிறது. பரிசோதகர் வந்து தாளைப் புரட்டினால் குறை சொல்ல அதில் ஓர் எழுத்தும் இராது. இந்தக் கடைக்காரரிடம் போய் வட்டியை 18-லிருந்து 12 ஆக்கு என்று சட்டம் சொன்னால் அவருக்கு என்ன கவலை? 10,000 என்ற இடத்தில் 11,000 என்று எழுதிக் கொள்ளுவார்.

எல்லாக் கடைக்காரர்களும் இப்படியென்று நாம் சொல்லவில்லை. முறையாகத் தொழில் செய்வோர் உண்டு. இந்தத் தந்திரத்தினால் பெயர் கெடுபவர்களும் அவர்களே.

பொய்த் தொகை எழுதுவது குற்றமன்றோ என்பீர். குற்றந்தான். அதை மெய்ப்பிக்கும் பாரம் யார் தலையில் விழுகிறது? பத்திரத்தில் இருப்பது தொழிலாளியின் சொந்தக் கையெழுத்து. பணம் கைமாறியது ஓர் அறைக்குள்; சாட்சி கடைக்காரரின் கணக்கப்பிள்ளை. வக்கீலோ சத்தியப் பிரமாண ஆணையரோ பத்திரத்தை விளக்கி, வாங்குவோனுக்கு அது விளங்கிற்று என்று சான்றளித்தாலன்றிப் பத்திரம் செல்லாது என்று மலேசியச் சட்டம் விதித்திருக்கிறது. அருமையான விதி! மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சான பக்கங்களை, பின்னால் பத்துப் பேர் காத்திருக்க, எத்தனை நிமிடம் விளக்குகிறார்கள் என்பதை மட்டும் நாம் கேட்கவில்லை. விளக்கத்திற்குத்தான் சான்று கேட்கப்படுகிறது. எண்ணிக் கொடுத்த பணத்திற்கு அவர் கண் சாட்சியல்லவே!

"அவன் ஏன் கையெழுத்திட்டான்?" என்று கேட்கும் பெரிய மனிதர்கள் நம்மிடையே உண்டு. கல்யாணச் செலவையும் காதணி விழாவையும் காட்டி ஏழைக்கு உபதேசிப்பதில் அவர்களுக்குத் தனி இன்பம். வீண் ஆடம்பரத்தை நாமும் வெறுப்பவர்களே. ஆனால் ஆடம்பரத்திற்குக் கடன் வாங்கியவனையும், பொய்ப் பத்திரத்தில் சிக்கியவனையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. வழிப்பறிக்கு ஆளானவனிடம், நகை போட்டுக் கொண்டு ஏன் நடந்தாய் என்று கேட்பது போன்றதே இது.

கடையை மூடச் சொல்வோருக்கு நம் விடை சுருக்கமானது. மூடிய கடையின் பின்வாசலில் ஆலோங் நிற்கிறான். லைசென்ஸின்றிக் கடன் கொடுப்போனுக்கு மலேசியாவில் 2,50,000 முதல் 10 லட்சம் வெள்ளி வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். சிங்கப்பூரில் பிரம்படியும் உண்டு. அப்படியிருந்தும் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றுவது நின்றபாடில்லை. வங்கி திரும்பிப் பார்க்காதவனுக்கு இரவோடிரவாகப் பணம் கொடுப்பவன் ஒருவன் இருந்தே தீருவான். அவன் வெளிச்சத்தில் இருக்கட்டும்.

சிங்கப்பூரின் வட்டியை நாம் மெச்சவில்லை. ஆயினும் அங்குள்ள விதிகள் சில, நோய் இருக்குமிடத்தை அறிந்து எழுதப்பட்டவை. வாங்குவோனுக்குத் தெரிந்த மொழியில் நிபந்தனைகளை விளக்க வேண்டும். நிரப்பாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. அடையாளக் கார்டையும் வங்கிக் கார்டையும் பிடித்து வைக்கக் கூடாது. வட்டி, தாமத வட்டி, கட்டணங்கள் எல்லாம் சேர்ந்தும் முதலுக்குச் சமமான தொகையைத் தாண்டக் கூடாது. 5,000 வாங்கியவன் எத்தனை ஆண்டு தவித்தாலும் 10,000-க்கு மேல் கடைக்காரர் கேட்க முடியாது. இந்தக் கடைசி விதியை மலேசியா எடுத்துக் கொள்வதில் என்ன தடை? ஆனால் ஒன்று: முதல் பொய்யானால் இந்த விதியும் பொய்யின்மேல் கட்டிய வீடாகும்.

இத்தொழிலை இந்நாடுகளில் வேரூன்றச் செய்தவர்களுள் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முன்னணியில் நின்றவர்கள். மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளின் கணக்குகள் தமிழில் இருந்தன. அவர்கள் வட்டியைப் புகழ நாம் இதைச் சொல்லவில்லை. நம் மொழியில் ஒரு கடன் பத்திரம் எழுத முடியாது என்று வாதிப்போர் அறியட்டும் என்பதற்காகவே சொல்லுகிறோம்.

ஆதலின் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சிடம் நாம் கேட்பது வட்டிக் குறைப்பன்று. கடன் தொகை ரொக்கமாகக் கைமாறக் கூடாது. வாங்குவோன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே விழ வேண்டும். அக்கணக்குச் சீட்டைப் பார்த்த பின்னரே ஆணையர் முத்திரை குத்த வேண்டும். சீட்டில் 5,000 இருந்து பத்திரத்தில் 10,000 இருந்தால், வாங்கியவன் நீதிமன்றப் படியேறிப் புலம்பத் தேவையில்லாமல் அந்தப் பத்திரம் அங்கேயே செல்லாததாக வேண்டும். பத்திரத்தோடு ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமும் இணைக்கப்பட வேண்டும்; அதன் முதல் வரியில் பெரிய எழுத்தில், "உமது கணக்கில் இன்று விழுந்த தொகை" என்றிருக்கட்டும்.