ஐபோனா, அன்ரொயிட்டா? ஒரு போலி வழக்கின் மறுபக்கம்

பல்கலைக்கழக விடுதிகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் ஓயாது நடைபெறும் வழக்குகளுள் ஒன்று, திறன்பேசிகளின் பணிசெயல் முறைமைகள் பற்றியது. அப்பிள் கம்பனியின் ஐஓஎஸ் உயர்ந்ததா, கூகிளின் அன்ரொயிட் உயர்ந்ததா என்ற வினாவை நடுவே வைத்து இரு கட்சியினர் நின்று வாதிடுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலே வெளிவந்த கண்டனப் பிரசுரங்களின் வேகத்துக்கு இவர்தம் வேகம் எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அன்று வாதிட்டோர் தாம் எதற்காக வாதிடுகின்றனர் என்பதை அறிந்திருந்தனர். இன்று வாதிடுவோரோ, தமக்குச் சொந்தமல்லாத இரு கம்பனிகளின் பொருட்டுத் தமக்குள்ளே பொருதுகின்றனர். இவ்வழக்கு அறவே பொருளற்றது எனல் பொருந்தாது. ஆனால் அது பிழையான வினாவிலிருந்து தொடங்குகின்றது என்பதை நிறுவுதல் அவசியமாகும்.

இரு முறைமைகளின் தோற்றத்தைச் சுருக்கமாக நோக்கலாம். 2007 ஜனவரியில் அறிமுகஞ்செய்யப்பட்ட ஐபோன் அவ்வாண்டு யூன் மாதத்தில் விற்பனைக்கு வந்தது. கூகிள் 2005 இல் வாங்கிய ஒரு சிறு கம்பனியின் முயற்சியே அன்ரொயிட் ஆகும்; அம்முறைமையுடன் கூடிய முதலாவது தொலைபேசி 2008 இல் வெளிவந்தது. அக்காலத்தில் நொக்கியா கருவிகளில் இயங்கிய சிம்பியனும், பிளக்பெரியும், பின்னர் மைக்ரோசொப்ட்டின் விண்டோஸ் தொலைபேசியும் களத்தில் நின்றன. அவை ஒவ்வொன்றாக மறைந்தன. இன்று உலகின் திறன்பேசிகளில் ஏறத்தாழப் பத்தில் ஏழு அன்ரொயிட்டிலும், எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை ஐஓஎஸ்ஸிலும் இயங்குகின்றன. இரண்டே இரண்டு என்னும் இந்நிலை இயற்கையின் நியதியன்று. பதினைந்து ஆண்டுக்கால வணிகத்தின் விளைவாகும்.

இரண்டுக்குமிடையே வேறுபாடுகள் இல்லையெனக் கூறுவாரும் உளர். அது சோம்பல் மிக்க கூற்றாகும். அன்றாடப் பயன்பாட்டில் ஐஓஎஸ்ஸின் தலையாய வலிமை அதன் நீடிப்பு. 2015 இல் வெளிவந்த ஐபோன் 6எஸ், 2021 இல் வெளிவந்த ஐஓஎஸ் 15 வரை புதிய பதிப்புகளைப் பெற்றது. கருவியும் மென்பொருளும் ஒரே இடத்தில் உருவாவதால், பதிப்பு வெளியான நாளிலேயே அது எல்லோரையும் சென்றடைகின்றது. ஒரு செயலி மற்றொன்றில் பயனரைப் பின்தொடர்வதற்கு முன் அவரது இசைவைக் கேட்கவேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் அங்கு நடைமுறைக்கு வந்தது. இவை மெய்யான நன்மைகள். ஆனால் மின்னஞ்சலுக்கும் இணைய உலாவிக்கும் வேறொரு செயலியை இயல்பானதாக வைத்துக்கொள்ளும் எளிய உரிமைகூட 2020 வரை அப்பயனருக்கு வழங்கப்படவில்லை. இலவசமாகத் தரப்படும் மேகச் சேமிப்பு 2011 இல் இருந்தவாறே 5 கிகாபைற்றில் நிற்கின்றது. ஒளிப்படங்களோ ஆண்டுதோறும் பருத்துவருகின்றன. நிரம்பியதும் மாதக் கட்டணம் கேட்கும் அறிவித்தல் தோன்றும்.

அன்ரொயிட்டின் வலிமை அதன் பரப்பு. குறைந்த விலைக் கருவி முதல் மிக உயர்ந்த விலைக் கருவி வரை அது இயங்குகின்றது. கோப்புகளைக் கணினியிற் போலக் கையாளலாம். முகப்புத் திரையையே மாற்றியமைக்கலாம். கம்பனியின் கடைக்கு வெளியேயிருந்தும் செயலிகளை நிறுவலாம். ஆயின் வாங்கிய நாளிலேயே வேண்டாத செயலிகள் பல அதிற் குடியிருக்கும். அவற்றுட் சில அகற்றவும் முடியாதவை. சில உற்பத்தியாளர்கள் முறைமையின் உள்ளேயே விளம்பரங்களைப் புகுத்துகின்றனர். மின்கலத்தைப் பேணுதல் என்ற பெயரிற் பின்னணியிலே இயங்கும் செயலிகளை நிறுத்திவிடுவதால், எழுப்பொலியும் வரவேண்டிய செய்தியும் தவறிப்போவதுண்டு. யாவற்றிலும் பெரிய குறை, இரண்டு மூன்று ஆண்டுகளிற் பெரும்பாலான கருவிகளுக்குப் புதிய பதிப்பு நின்றுவிடும் வழக்கமாகும். ஏழாண்டுக்கால உறுதிமொழியைக் கூகிள் 2023 இலும் சம்சுங் 2024 இலும் முதலில் வழங்கியவை தத்தம் உயர்ரகக் கருவிகளுக்கே. ஏழாண்டு பயன்படுத்தவேண்டிய தேவை மிகுந்தவர்களோ மலிவான கருவியை வாங்கியவர்கள்.

இவ்வேறுபாடுகள் எங்கே கூர்மைப்படுகின்றன என்பதற்குத் தமிழ் எழுத்தின் வரலாறே தக்க சான்று. அன்ரொயிட் 2009 இலேயே பிறர் உருவாக்கிய விசைப்பலகைகளை முறைமை முழுவதிலும் பயன்படுத்த இடமளித்தது. மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் போன்ற ஆக்கங்கள் அவ்வாயிலினூடாகவே எல்லாச் செயலிகளுக்குள்ளும் நுழைய முடிந்தது. ஐபோனில் அவ்வாயில் 2014 இல், ஐஓஎஸ் 8 உடனேயே திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் அப்பிள் தானே தமிழ் விசைப்பலகைகளை வழங்கியது உண்மை. எனினும் அதுவரை அக்கருவியை வாங்கிய தமிழர், வேறொருவர் செய்த தமிழ்ச் செயலிக்குள் எழுதி, நகலெடுத்து, வேண்டிய இடத்தில் ஒட்டவேண்டியவராயிருந்தனர். ஒரு மொழியினர் தம் மொழியை எழுதுவது எப்போது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம், அம்மொழியை அறியாத ஒரு கம்பனியின் கையில் இருந்தது.

இதைக் கேட்டு அன்ரொயிட் கட்சியினர் மகிழ்தல் வேண்டா. தொடக்ககால அன்ரொயிட் கருவிகள் பலவற்றில் தமிழ் வெற்றுக் கட்டங்களாகவே தோன்றியது. எழுத்துத் தெரிந்தவற்றிலும் கொம்புகள் இடம்மாறி நின்றன. பிற்காலப் பதிப்புகளில் இக்குறை நீங்கியது. ஆனால் அப்பதிப்பைப் பழைய கருவிக்குக் கொண்டுசெல்லும் கடமை எந்த உற்பத்தியாளருக்கும் இருக்கவில்லை. மூல நிரல் உலகுக்கெல்லாம் திறந்திருந்தது. கையிலிருந்த கருவியோ மூடிக்கிடந்தது. திறந்த தன்மை என்பது நிரலைப் பற்றிய சொல்லாக மட்டும் நின்றுவிடின், அதனாற் பயனருக்கு விளையும் நன்மை சிறிதே.

திறந்த தன்மையின் எல்லை 2019 இல் மேலும் தெளிவாயிற்று. அவ்வாண்டு மே மாதம் ஐக்கிய அமெரிக்க அரசு ஹுவாவி கம்பனியை வணிகத் தடைப்பட்டியலிற் சேர்த்தது. அன்ரொயிட்டின் திறந்த நிரலைப் பயன்படுத்த அக்கம்பனிக்குத் தடையிருக்கவில்லை. ஆனால் கூகிளின் செயலிக் கடையும் வரைபடமும் பிற சேவைகளும் அதன் புதிய கருவிகளுக்குக் கிட்டாமற் போயின. உயிர் எங்கே இருந்தது என்பது அப்பொழுது புலனாயிற்று. அதற்கு முன்னரே, 2018 இல், ஐரோப்பிய ஆணைக்குழு அன்ரொயிட் தொடர்பான நிபந்தனைகளுக்காகக் கூகிளுக்கு 4.34 பில்லியன் யூரோ தண்டம் விதித்தது. 2022 இல் நீதிமன்று அதனை 4.125 பில்லியனாகக் குறைத்ததேயன்றி அடிப்படைத் தீர்ப்பை மாற்றவில்லை.

ஐபோன் கட்சியினரின் முதன்மையான வாதம் பாதுகாப்பு. மதிலும் ஒற்றை வாயிலும் இருப்பதாற் கள்வர் நுழையார் என்பர். இதிற் பகுதி உண்மை உண்டு. ஆயின் வாயிற்காப்போன் கள்வரை மட்டுமே தடுப்பதில்லை. 2019 ஒக்டோபரில் ஹொங்கொங் ஆர்ப்பாட்டங்களின்போது பொலிசாரின் நடமாட்டத்தைக் காட்டிய வரைபடச் செயலி ஒன்று அக்கடையிலிருந்து அகற்றப்பட்டது. வேறு கடைக்குச் செல்லும் வழி அங்கிருந்த ஐபோன் பயனருக்கு இருக்கவில்லை. 2017 டிசெம்பரில், மின்கலம் பழுதடைந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருளினூடாகக் குறைத்ததை அப்பிள் ஒப்புக்கொண்டது. கருவி திடீரென நின்றுபோகாதிருக்கவே அவ்வாறு செய்ததாக அது விளக்கியது. விளக்கம் ஏற்கத்தக்கதாயினும், உரியவரிடம் தெளிவாகச் சொல்லாமற் செய்தது ஏற்கத்தக்கதன்று. மின்கலத்தை மாற்றினாற் போதும் என்பதை அறியாதோர் புதிய கருவியை வாங்கியிருப்பர். இவ்விவகாரத்தில் 2020 இல் 500 மில்லியன் டொலர் வரை செலுத்த அமெரிக்காவில் அக்கம்பனி உடன்பட்டது.

இனி, இவ்விரு பகைவரும் எத்தகைய பகைவர் என்பதை நோக்குதல் தகும். அமெரிக்க நீதிமன்றில் நடைபெற்ற வழக்கொன்றில் வெளியான ஆவணங்களின்படி, ஐபோனின் உலாவியில் தன் தேடுபொறியே இயல்பாக இருப்பதற்காகக் கூகிள் 2022 இல் மட்டும் 20 பில்லியன் டொலரை அப்பிளுக்குச் செலுத்தியது. அந்தரங்கத்தைக் காப்பதாகப் பறைசாற்றும் கம்பனி, விளம்பரத்தால் வாழும் கம்பனியிடமிருந்து பெற்ற பங்கு இது. தேடற் சந்தையிற் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியது என 2024 ஓகஸ்டில் நீதிபதி தீர்ப்பளித்தார். ஆனால் 2025 செப்ரெம்பரில் வழங்கப்பட்ட கட்டளை பிறரை விலக்கும் ஒப்பந்தங்களைத் தடுத்ததேயன்றிப் பணம் கொடுப்பதைத் தடுக்கவில்லை. செயலிக் கடைகளின் கதையும் இத்தகையதே. இரு கடைகளும் 30 வீதத் தரகையே பொதுவிதியாகக் கொண்டிருந்தன. சிறிய ஆக்குநருக்கு அதனை 15 வீதமாக இரண்டும் 2021 இலேயே குறைத்தன. தரகைத் தவிர்க்க முயன்ற ஒரு விளையாட்டுச் செயலியை 2020 ஓகஸ்டில் இரு கடைகளும் ஒரே நாளில் வெளியேற்றின. தொண்டர்கள் தெருவிற் சண்டையிடத் தலைவர்கள் ஒரே பந்தியில் உண்ணும் அரசியலைக் கண்டு பழகிய நாட்டினருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

விருப்பமில்லாவிடின் மற்றதை வாங்கலாமே என்பது இறுதி வாதம். தெரிவு என்னும் சொல் இங்கே மிகையாகப் பயன்படுத்தப்படுகின்றது. 2022 இல் சில வாரங்களுக்குள் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேற் சென்றபோது, இந்நாட்டு மாணவரின் தெரிவை முறைமையின் சிறப்பு தீர்மானிக்கவில்லை, பணப்பை தீர்மானித்தது. வசதி படைத்தவர் மாற விரும்பினும், வாங்கிய செயலிகள் உடன்வாரா. வட்ஸ்அப் உரையாடல்களை அன்ரொயிட்டிலிருந்து ஐபோனுக்கு எடுத்துச்செல்லும் முறையான வழிகூட 2022 இலேயே கிடைத்தது. வெளியேறும் வழி ஒடுக்கமாயிருக்கும் வீட்டில் உள்நுழையும் சுதந்திரத்தைப் புகழ்ந்து பயனில்லை.

அண்மைக்காலத்தில் நிகழ்ந்த நல்ல மாற்றங்களுட் சிலவற்றின் காரணத்தை ஆராயின் உண்மை விளங்கும். ஐபோன் 2023 இற் பொதுவான மின்னேற்றித் துளைக்கு மாறியது, ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முந்திய ஆண்டில் அதனைச் சட்டமாக்கியதன் பின்னரே. 2024 மார்ச்சில் ஐரோப்பியப் பயனருக்கு வேறு செயலிக் கடைகள் அனுமதிக்கப்பட்டதும் சட்டத்தாலேயே. சட்டம் இல்லாத இடத்தில் எதிர்த்திசை அசைவும் தென்படுகின்றது: சான்று பெற்ற அன்ரொயிட் கருவிகளில், கடைக்கு வெளியே பெறும் செயலிகளாயினும் அடையாளம் உறுதிசெய்யப்பட்ட ஆக்குநருடையவையாக இருக்கவேண்டுமெனக் கூகிள் 2025 ஓகஸ்டில் அறிவித்தது. மோசடியைத் தடுக்கவே இவ்விதி என்பர். மதிலுக்கும் அதே காரணமே முன்னர் கூறப்பட்டது.

ஆகவே எது சிறந்தது என்ற வினாவைக் கைவிட்டு, பணங்கொடுத்து வாங்கிய கருவியில் இறுதிச்சொல் யாருடையது என்ற வினாவை எழுப்புதலே முறை. விற்பனை நாளிலேயே பாதுகாப்புப் பதிப்புகளின் காலஎல்லை அறிவிக்கப்படல். அது மலிவான கருவிக்கும் பொருந்துதல். அபாயத்தை அறிந்து விரும்பிய மென்பொருளை நிறுவும் உரிமை. மின்கலத்தை எளிதில் மாற்றும் வசதி. தரவுகளை மறுமுறைமைக்கு எடுத்துச்செல்லும் வழி. எம்மொழியினரும் தம் எழுத்துக் கருவியைத் தாமே ஆக்கிப் புகுத்தும் வாயில் — இவற்றைக் கோருவதற்கு ஐபோன் கட்சி என்றும் அன்ரொயிட் கட்சி என்றும் பிரிந்து நிற்கவேண்டியதில்லை. கணினித்துறை மாணவரும் சட்டத்துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஒருங்கே பேசவேண்டிய பொருள் இது. சிற்றுண்டிச்சாலை வழக்கில் எக்கட்சி வென்றாலும், இக்கோரிக்கைகளுள் ஒன்றேனும் அதனால் நிறைவேறப்போவதில்லை.