கடன் தீர்த்த மீன்

திருவனந்தபுரத்தில் எங்கள் தெருவுக்கு மீன் சுமந்து வரும் பெண்மணியை எல்லோரும் சேச்சி என்றுதான் அழைப்போம். ஒரு சனிக்கிழமை காலை, எனக்காக எண்ணி வைத்த சாளைகளுக்கு மேல் ஓர் அயிலையையும் எடுத்துப் போட்டார். நான் கேட்கவில்லை. காசும் வாங்கவில்லை. தாராளமாக அளந்து கொடுப்பவர்களைப் பற்றி லூக்கா நற்செய்தியில் இயேசு சொல்வது எனக்கு நினைவுக்கு வந்தது. ஏழையின் தயாளம் பற்றி மனசுக்குள் ஒரு குட்டிப் பிரசங்கமே தயாராகிவிட்டது. நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னேன்.

"நன்றி எதுக்கு சாறே? முந்தாநாள் கொடுத்த மீன் அத்தனை நல்லாயில்லை. அந்தக் கடன் தீர்ந்தது" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொல்லிவிட்டு, பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றாட நிகழ்ச்சிகளில் ஆண்டவரின் பாடத்தைத் தேடுவது கிறிஸ்தவ வீடுகளில் நெடுநாளைய பழக்கம். தினத் தியானப் புத்தகங்கள் இதைத்தான் கற்றுத் தருகின்றன. நல்ல பழக்கம்தான். ஆனால் நாம் கண்டுபிடிக்கும் பாடம் பெரும்பாலும் நமக்குச் சாதகமாகவே அமைந்துவிடுகிறது. ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் அது தேவகிருபை. அதே பஸ்ஸைத் தவறவிட்டவரைப் பற்றி யோசிப்பதில்லை.

இயேசுவின் உவமைகளும் அன்றாடப் பொருட்களால் ஆனவைதான். உப்பு, விளக்கு, புளித்த மாவு, தொலைந்த காசு, கடலில் வீசிய வலை. ஆனால் அவை கேட்டவர்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பவில்லை. யார் என் அயலான் என்று ஒரு சட்ட அறிஞர் கேட்கிறார். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்ற சமாரியனின் கதையைச் சொல்லிவிட்டு, அயலானாக நடந்துகொண்டது யார் என்று இயேசு கேள்வியை அவர் பக்கமே திருப்பிவிடுகிறார். திராட்சைத் தோட்டத்துக் கதையில் கடைசி மணிநேரத்தில் வந்தவனுக்கும் முழுக்கூலி கிடைக்கிறது. காலையிலிருந்து வெயிலில் உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

நகரத்தின் மேற்கே உள்ள கடற்கரையில் கம்பவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வலையோடு வள்ளம் அரைவட்டமாகக் கடலைச் சுற்றி வந்து மறுமுனையைக் கரை சேர்க்கும். பிறகு இரண்டு அணிகள் மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். வலை கரையை நெருங்கும் நேரத்தில் வந்து கயிற்றில் கை வைத்த ஒரு கிழவருக்கும் கறிக்கு மீன் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். எப்போது வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அதைத் தர்மம் என்றும் யாரும் சொல்லவில்லை.

1544-ல் பிரான்சிஸ் சேவியர் நடந்து போன கரை இது. தெற்கே கன்யாகுமரி வரை இதே தொழில், இதே விசுவாசம். இந்தக் கரைக்கு இந்தத் தேசம் பட்டிருக்கும் கடன் பெரிது.

காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருந்ததால், ராக்கெட் ஏவ தும்பா கிராமம் விக்ரம் சாராபாய்க்குத் தேவைப்பட்டது. அங்கே மகதலேனா மரியாளின் கோயில் இருந்தது. சுற்றிலும் மீனவர் குடியிருப்புகள். பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஞாயிறு பூசையில் மக்களிடம் சம்மதம் கேட்டதையும், அவர்கள் கொடுத்ததையும் அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. கோயில் ஆய்வுக்கூடமாகி, பின்னர் மியூஸியமாயிற்று. மக்கள் பக்கத்திலேயே பள்ளித்துறையில் குடியேறினார்கள். மதமும் விஞ்ஞானமும் கைகோத்த கதை என்று நாம் இதைப் பெருமையோடு சொல்கிறோம். வீட்டைக் காலி செய்து கொடுத்தவர்களின் கதை என்று சொல்வதில்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. எச்சரிக்கை போய்ச் சேருமுன்பே மீனவர்கள் கடலில் இருந்தார்கள். பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் பல வீடுகளுக்கு ஆண்கள் திரும்பவேயில்லை. ஒன்பது மாதம் கூட ஆகவில்லை, 2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் மூழ்கடித்தது. அதே கரையிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, முன்பின் பார்த்திராத செங்ஙன்னூருக்குக் கிளம்பினார்கள். மாநிலம் முழுவதும் கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து என்று எல்லா மதத்து மீனவர்களுமாகச் சேர்ந்து சுமார் 65,000 பேரைக் காப்பாற்றியதாக அரசுக் கணக்கு சொல்கிறது. படகு ஒன்றுக்கு நாளைக்கு 3,000 ரூபாய் தருவதாக முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தபோது, பணம் வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. கேரளத்தின் சொந்த ராணுவம் என்று மாநிலமே கொண்டாடியது. சமாரியன் கதை அந்த மாதம் எத்தனையோ கோயில்களில் பிரசங்கமாகியிருக்கும்.

பிரசங்கம் முடிந்த பிறகு? கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் சிமென்ட் கோடவுனுக்குள் துணியாலும் பலகையாலும் தடுப்புக் கட்டி வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தின. 2022-ல் விழிஞ்ஞம் துறைமுக வேலையால்தான் கரை கரைகிறது என்று லத்தீன் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையில் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். காரணம் துறைமுகமல்ல என்றது அரசு. முந்தைய வெள்ளத்தில் ஹீரோக்களாக இருந்தவர்கள், இப்போது வளர்ச்சிக்கு விரோதிகள் என்று பேச்சுக் கேட்டார்கள். அந்த டிசம்பரில் போராட்டம் முடிவுக்கு வந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே ஆண்டில் முட்டத்தறையில் ஒரு பகுதியினருக்கு அடுக்குமாடி வீடுகளும் கிடைத்தன.

துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் சங்கடம் வேறு. வெள்ளத்தில் மீனவர்களிடம் பாடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னவர்களில் நானும் ஒருவன். கோடவுன் வாசலை எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். அங்கே எந்தப் பாடமும் எனக்குத் தோன்றவில்லை. சமாரியன் கதையில் ஆசாரியனும் லேவியனும் அந்த வழியாகத்தான் போனார்கள். அவர்களும் வேத பாடம் நன்றாகத் தெரிந்தவர்கள்தாம்.

மற்றக் கடன்களையெல்லாம் தீர்த்துவிடலாம், அன்பு என்ற கடன் மட்டும் தீராது என்ற கருத்தில் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதியிருக்கிறார். எங்கள் சேச்சி அந்த நிருபத்தைப் படித்திருப்பாரா என்று தெரியாது. முந்தாநாள் குறைந்ததை அவர் ஞாபகம் வைத்திருந்தார். அதைத் தீர்த்தபோது தயாளம் என்ற பெயரை ஏற்க மறுத்தார்.

அந்த அயிலையை அன்று மத்தியானம் குழம்பு வைத்தோம். அவருக்கு என் கணக்கில் பாக்கி எதுவும் இல்லை. அவர் கரைக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கியை இன்னும் கூட்டிப் பார்த்து முடியவில்லை.